முப்பது விநாடிக் கலவை

நெருப்பைக் கண்டுபிடித்தவனுக்குப் பிறகு மனித குலம் விழுந்து வணங்க வேண்டியவர் ஒருவர் உண்டென்றால், அவர் மின்னல் மாஸ்டர்தான். கலவைக் கணக்கைப் போடாமலே விடை கண்டுபிடிக்கும் 'விஞ்ஞானத்தை' உலகுக்கு அருளியவர் அவர்.

அவருடைய பயிற்சி மையத்தில், அமிலத்தில் எவ்வளவு தண்ணீர் ஊற்றுவது என்றெல்லாம் யாரும் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை.

"கேள்வியைப் படிக்காதீங்க! நாலு விடையையும் பாருங்க. ரொம்பப் பெருசு, ரொம்பச் சின்னது ரெண்டையும் அடிங்க. மிச்சத்துல எது லட்சணமா இருக்கோ, அதுக்கு டிக். முப்பது செகண்ட்!"

மருத்துவப் பணியாளர் தேர்வில் முதல் நூறு இடங்களும் அவருடைய பிள்ளைகளுக்கே போயின. பெற்றோர்கள் பூரித்துப் போனார்கள்.

அப்பேர்ப்பட்டவருக்கு முதுகில் ஒரு கட்டி வந்தது. கட்டிக்கு அவருடைய பெருமை தெரியாது. ஆஸ்பத்திரியில் குப்புறப் படுத்தார். டாக்டர் எட்டிப் பார்த்து, "ரெண்டு சதவீத மருந்தை அரை சதவீதமாக்கி ஊசி போடுங்க, கீறிடலாம்" என்று நர்ஸிடம் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

உடம்பை மரத்துப்போக வைக்கும் மருந்து அது. கூடினால் இதயம் தடுமாறும். குறைந்தால் கத்தி பட்டதும் கத்த வேண்டும்.

"சார்! நான் உங்க ஸ்டூடன்ட்! முதல் ரேங்க்!" என்றாள் நர்ஸ். மாஸ்டருக்கு வலியே மறந்துபோனது.

அவள் ஒரு கையில் மருந்துக் குப்பியும் மறு கையில் உப்புநீர் பாட்டிலுமாக நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள்.

"என்னம்மா யோசனை?"

"ஆப்ஷன் குடுக்காமப் போயிட்டாரே சார்."

மாஸ்டர் படுத்தபடியே தலையைத் தூக்கினார். "கணக்கைப் போட்டுப் பாரேம்மா!"

"சார்! நீங்களா இப்படிப் பேசறீங்க?"

"ஃபார்மசிஸ்ட்டைக் கூப்பிடு!"

"அவரு போன பேட்ச் சார். அவரும் ஆப்ஷன்தான் கேப்பாரு."

"டாக்டரு?"

"உங்க முதல் பேட்ச். அதான் இன்னும் கை கழுவிட்டு இருக்காரு."

மாஸ்டர் தாமே பேனாவை வாங்கினார். விடையிலிருந்தே கிளம்பிப் பழகிய பேனா, கேள்வியில் நின்று திருதிருவென முழித்தது. ஒரு சொட்டு வியர்வை தாளில் விழுந்தது. அதன் அடர்த்தியும் தெரியவில்லை.

"நிஜமாவே கணக்குப் போடத் தெரிஞ்சவங்க ஒருத்தர்கூடவா இல்ல?" அழாத குறையாகக் கேட்டார்.

"எங்க பேட்ச்ல ஒருத்தி இருந்தா சார். ஒவ்வொண்ணையும் முழுசாப் போட்டு, சரி பாத்துட்டுத்தான் அடுத்ததுக்குப் போவா. போட்டது பூரா சரியா இருக்கும். ஆனா பாதித் தாள்லயே மணி அடிச்சிடும். 'இந்த மந்த புத்திக்கு ஆஸ்பத்திரி வேலை கேக்குதா'ன்னு எல்லார் முன்னாடியும் நீங்கதான் சிரிச்சீங்க."

"யாரும்மா அது? உடனே கூப்பிடு!"

நர்ஸ் வாசல் பக்கம் பார்த்தாள்.

"உங்க பொண்ணுதான் சார். உங்களைக் கூட்டிட்டு வந்து வெளியதான் உக்காந்திருந்தா. 'பாஸ் பண்ணவங்க பாத்துக்குவாங்க, நீ வீட்டுக்குப் போ'ன்னு இப்பதானே விரட்டி விட்டீங்க."