மஞ்சள் புடவையும் இருநூறு எம்.எம். லென்ஸும்

தூரத்தில் நிற்பவர்களை இருந்த இடத்திலிருந்தே பக்கத்தில் கொண்டுவரும் லென்ஸை யாரோ ஒரு கோழைதான் கண்டுபிடித்திருக்க வேண்டும். அதை வாடகைக்கு எடுத்த கோழை நான்.

ஒன்பதாவதோடு பள்ளியை விட்டேன். ஹூப்ளியில் லாரி கிளீனர், கோலாரில் ஓட்டலில் டேபிள் துடைப்பு என்று சுற்றி, தொண்ணூறுகளின் கடைசியில் பெங்களூரு ஈஜிபுராவில் ஐந்து பேரோடு ஓர் அறையில் ஒதுங்கினேன். கல்யாணங்களுக்குப் படம் எடுப்பது தொழில். (தொழில் என்று நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.)

என்னிடம் இரண்டு லென்ஸ்கள் இருந்தன. கிட்டத்துக்கு ஒன்று, தூரத்துக்கு ஒன்று. இரண்டும் நல்லவைதான். ஆனால் ஒன்றைக் கழற்றி மற்றதை மாட்டுவதற்குள் மாப்பிள்ளை மூன்று முடிச்சையும் போட்டுவிடுவார். அதனால் ஜீவனஹள்ளிக் கல்யாணத்துக்கு இருபத்தெட்டிலிருந்து இருநூறு எம்.எம். வரை இழுபடும் ஒற்றை வாடகை லென்ஸோடு போனேன்.

இன்னொரு காரணம் மணப்பெண்ணின் தங்கை அமுதா. தங்கவயல் குடும்பம். நர்ஸ். நிச்சயதார்த்தத்தன்று காபி கொடுத்து, "சர்க்கரை போதுமாண்ணா?" என்று கேட்டாள். (கடைசி எழுத்துகள் என் காதில் விழவில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.) கல்யாணம் முடிந்த பத்தாம் நாள் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போகிறாள் என்றார்கள். அதற்குள் அவளுடைய ஒரு நல்ல படம் என் கையில் இருக்க வேண்டும். வேறு எதையும் ஆசைப்படும் நிலையில் நான் இல்லை.

"இன்னா குரு இது, கேமராவுக்கு தும்பிக்கை வெச்சிருக்கே?" என்றான் வீடியோ எடுக்கும் பாபு.

"இது ஒண்ணே போதும். கிட்ட, தூரம் எல்லாம் எடுக்கும்."

"எடுக்கும் சரி. வருமா?"

மேடை ஏறியதும் பதில் தெரிந்தது. அந்த லென்ஸுக்கு ஏழடிக்குள் இருப்பது எதுவும் கண் தெரியாது. மற்ற நாட்களில் தாலிக்கு இரண்டடியில் நின்று எடுப்பவன், அன்று பின்னால் நகர்ந்து நகர்ந்து மேடையை விட்டே இறங்கிவிட்டேன். கெட்டிமேளம் முழங்கியது. அட்சதையோடு சொந்தபந்தம் மொத்தமும் எழுந்து எனக்கு முன்னால் சுவராக நின்றது. எனக்குக் கிடைத்தது ஒரு பெரியப்பாவின் முதுகு. அது மட்டும் அற்புதமாக வந்தது. சட்டையில் தையல் விட்ட இடத்தைக்கூட எண்ணலாம்.

மேடையை விட்டு இறங்கியவன் திரும்பிப் பார்த்தேன். மண்டபத்தின் கடைசியில், சாப்பாட்டுக் கூடத்து வாசலில், மஞ்சள் புடவையில் அமுதா. லென்ஸை இருநூறு வரை இழுத்தேன். இழுக்க இழுக்க அதன் கண் சுருங்கும், வெளிச்சம் உள்ளே போகாது. அவ்வளவு தூரத்துக்கு என் ஃபிளாஷும் எட்டாது. ஷட்டரை மெதுவாக வைத்தால் கை அசையக்கூடாது. என் கையோ அவளைப் பார்த்ததிலிருந்தே ஆடிக்கொண்டிருந்தது. (இதற்கு லென்ஸைக் குறை சொல்ல முடியாது.)

"போட்டோக்காரரே! மெட்டி போடறாங்க, வாங்க!"

"இதோ வந்துட்டேன்," என்றேன், அந்தப் பக்கம் திரும்பாமலே. பதினோரு படம் எடுத்தேன்.

பிரிண்ட் எல்லாவற்றையும் பெண்வீட்டில் காட்டி, ஆல்பத்துக்குப் பொறுக்கச் சொல்வது வழக்கம். போகும் வழியில் அந்தப் பதினொன்றை உருவிக்கொள்ளத் திட்டமிட்டிருந்தேன். ஆனால் அமுதா ஊருக்குப் போவதற்குள் பார்க்கட்டும் என்று, அவள் அண்ணன் ஸ்கூட்டரில் லேபுக்கே போய் கவரை வாங்கி வந்துவிட்டான். நான் போனபோது எல்லாம் பாயில் பரப்பிக் கிடந்தன.

"தாலி கட்டற படம் எங்கப்பா?" என்றார் அமுதாவின் அம்மா.

"இருக்கும்மா. இந்த முதுகுக்குப் பின்னாடி."

"இது இன்னா, மஞ்சள் மஞ்சளா பதினோரு படம்? மண்டபத்துல எதுனா பத்திக்கிச்சா?"

"லைட்டு சரியில்லம்மா..."

"கல்யாணம் எடுக்க வந்தியா, ஆவி புடிக்க வந்தியா?" என்றான் அண்ணன். வீடே சிரித்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. பாபுவின் வீடியோவில் தாலி இருந்ததால் நான் உயிரோடு வெளியே வந்தேன்.

செருப்பு மாட்டும்போது அமுதா படியிறங்கி வந்தாள். கையில் அந்த மஞ்சள் படங்களில் ஒன்று. அவளுக்குத் தன் புடவை தெரியாதா? படத்தை என்னிடம் நீட்டி, மெதுவாகச் சொன்னாள்:

"கிட்ட வந்து கேட்டிருந்தா நின்னிருப்பேனே."

மஸ்கட்டுக்குப் போனாள். விலாசம் கேட்கும் தைரியம் எனக்கு அப்போதும் வரவில்லை.

பல வருஷம் கழித்து என் மனைவி லதா பெட்டியில் அந்தப் படத்தைக் கண்டெடுத்தாள். ஆவிக் கதையைச் சொன்னேன். இன்றும் யார் வீட்டுக்கு வந்தாலும் என் மகள் அதை எடுத்து வந்துவிடுவாள். "எங்கப்பா கல்யாணத்துல ஆவி புடிச்சவரு. பாருங்க, இதான்." எல்லோரும் சிரிப்பார்கள். முதலில் சிரிப்பவன் நான்தான். படியில் அவள் சொன்னதை மட்டும் இதுவரை நான் சொன்னதில்லை. சொன்னால் அந்தப் படத்தில் ஒரு முகம் தெரிய ஆரம்பித்துவிடும்.