நீள விசிலும் இருபத்து மூன்றாவது ஆடும்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்து, கட்டுடன் மகள் வீட்டில் ஓய்வாக இருப்பீர்கள் என நம்புகிறேன். இங்கு நானும் உங்கள் தங்கையும் நலம். நீங்கள் என்னை நம்பி விட்டுச் சென்ற ஆடுகளில் இருபத்திரண்டும் நலம்.

விட்டுச் சென்றது இருபத்து மூன்று என்பது எனக்கும் ஞாபகம் இருக்கிறது. மருமகளே, கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டுவது நீதான் என்பதால் சொல்கிறேன், இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி அவருக்குத் தண்ணீர் கொடு. கட்டுப் பிரிக்கும்வரை அழக் கூடாது, அதிரக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். காணாமல் போனது கிழிகாதி. ஆமாம் மச்சான், அவளேதான். இரண்டு முறை ஈன்றும் ஒரு குட்டிகூடத் தங்காதவள், இந்த முறை குட்டி எப்படியாவது பிழைத்துவிட வேண்டும் என்று நீங்கள் பட்டியிலேயே பாய் விரித்துக் காவல் கிடந்தீர்களே, "அவளை மட்டும் வெளிய விடாதீங்க, எந்த நேரமும் குட்டி போட்டுடும்" என்று ஆட்டோவில் ஏறிய பிறகும் தலையை நீட்டிச் சொன்னீர்களே, அவள்.

நடந்ததை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். காலையில் பட்டியைத் திற, மாலையில் மூடு, நடுவில் நிழலில் உட்கார் என்றுதான் சொன்னீர்கள். முப்பத்தோரு வருடம் பள்ளி மைதானத்தில் விசிலோடு நின்ற உடற்பயிற்சி ஆசிரியனால் நிழலில் உட்கார முடியுமா? எங்கள் நாயும் இரண்டு வருடமாக வாசலில் படுத்தபடி மற்றவர்கள் வேலை செய்வதைப் பார்த்தே சூப்பர்வைசர் என்று பெயர் வாங்கிவிட்டான். நூலகத்தில் நாயை வைத்து ஆடு மேய்ப்பது பற்றி ஒரு புத்தகம் கிடைத்தது. முதல் பாடம் ஆட்டை விரட்டுவது அல்லவாம், நிற்பதாம். நீளமாக ஒரு விசில் ஊதினால் நாய் அந்த இடத்திலேயே படுத்துவிட வேண்டும். குட்டையாக இரண்டு ஊதும்வரை இடியே விழுந்தாலும் எழுந்திருக்கக் கூடாது. ரொட்டித் துண்டைக் காட்டிக் காட்டி ஐந்தே நாளில் பழக்கிவிட்டேன். அடுப்பில் குக்கர் விசில் அடித்தால்கூடச் சமையலறை நடுவில் தொப்பென்று படுத்துக்கொள்வான். "தாண்டித் தாண்டி எனக்கு இடுப்பே போச்சு" என்று உங்கள் தங்கை புலம்பினாள். நான் பெருமையில் மிதந்தேன்.

இரண்டாவது பாடத்துக்கு ஐந்து ஆடுகள். நல்ல நாய் ஆடுகளுக்கு அந்தப் பக்கம் போய் நின்று அவற்றை எஜமானனிடம் ஓட்டி வரும் என்று புத்தகம் சொன்னது. வந்து சேர்ந்த ஆடுகளை எஜமானன் என்ன செய்வது என்று சொல்லவில்லை. ஐந்தும் தலையைக் குனிந்துகொண்டு வந்தன, நான் பின்வாங்கினேன், அவையும் வந்தன, ஓடினேன், அவையும் ஓடி வந்தன, வாசல், கூடம், நடை எல்லாம் தாண்டிக் குளியலறையில் புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். "அஞ்சு பேர் வந்திருக்காங்க, உட்காரச் சொல்லவா?" என்று உங்கள் தங்கை வெளியே இருந்து கேட்டாள். இதைப் பார்த்துவிட்ட பால்காரர் தினமும் கேட்க ஆரம்பித்தார்: "சாரே, நாய் ஆட்டை மேய்க்குதா, ஆடு உங்களை மேய்க்குதா?"

அந்தக் கேள்விதான் என்னைக் கெடுத்தது. இன்று காலை அவர் கண் முன்னால் மொத்த மந்தையையும் ஓட்டிக் காட்டுவது என்று பட்டியை அகலத் திறந்தேன். கடைசியாகக் கிழிகாதியும் அசைந்து அசைந்து வெளியே வந்தாள். பார்த்தேன் மச்சான். பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். தடுத்திருக்கலாம். கூட ஒன்று இருந்தால் பார்க்க நிறைவாக இருக்குமே என்று விட்டுவிட்டேன்.

கால்வாய்க் கரை வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. செங்கல் சூளைப் பக்கமிருந்து வந்த லாரி ஒன்றின் தார்ப்பாய் கட்டு அவிழ்ந்து படபடவென்று அடித்ததும் மந்தை திசைக்கொன்றாகச் சிதறியது. அந்த வயிற்றைத் தூக்கிக்கொண்டு கிழிகாதி சூளைப் பக்கம் ஓடினாள், சூப்பர்வைசர் அவள் பின்னால் ஓடினான், நடுவில் லாரி கிளப்பிய புழுதி, எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. மைதானத்தில் பிள்ளைகள் சிதறினால் என்ன செய்வேனோ அதையே செய்தேன். நீளமாக ஒரு விசில். முப்பத்தோரு வருடமும் அதற்கு ஒரே அர்த்தம்தான்: எல்லாரும் சாரிடம் ஓடி வர வேண்டும்.

நாய் வரவில்லை. மறுபடி ஊதினேன், மூச்சு முட்ட ஊதினேன், வரவில்லை. பால்காரர்தான் கேனைத் தட்டித் தட்டி இருபத்திரண்டு ஆடுகளைச் சேர்த்துக் கொடுத்தார். காலையிலிருந்து சூளையைச் சல்லடை போட்டுச் சலித்துவிட்டோம். இனி மிச்சம் கால்வாய்தான். உள்ளே தண்ணீர் இல்லை, ஆளுயரத்துக்கு நாணல். ஆறு மணிக்கு மதகைத் திறக்கிறார்களாம். இப்போது மணி ஐந்தாகப் போகிறது. என் முழங்கால் பிசகிவிட்டதால் உங்கள் தங்கையும் பால்காரரும் தேடுகிறார்கள். கிழிகாதி தானாகத் திரும்பி வந்தால் கதவு திறக்க ஆள் வேண்டும் என்று என்னைப் பட்டி வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள். இங்கிருந்தே கரை தெரிகிறது. நாலு வரி எழுதுகிறேன், ஒரு முறை நீளமாக ஊதுகிறேன். உதடு வீங்கிவிட்டது. எனக்குப் பயமாக இருக்கிறது மச்சான்.

நாயைப் பற்றி ஒரு வார்த்தை. ஆபத்தான நேரத்தில் கைவிட்டு ஓடிய நாய் இனி என் வீட்டில் இருக்காது. திரும்பி வந்தால் பால்காரரே கொண்டுபோகட்டும். உங்களிடம் மன்னிப்புக் கேட்கும் தகுதி எனக்கில்லை, ஆனாலும் கேட்கிறேன்.

உங்கள் கண் சீக்கிரம் தெளியட்டும். தெளிந்ததும் என்னைப் பார்க்காமல் இருந்தால் நல்லது. மருமகளுக்கும் மாப்பிள்ளைக்கும் ஆசிகள்.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும்
உங்கள் தங்கை வீட்டுக்காரன்

பின்குறிப்பு: மேலே எழுதியதில் நாயைப் பற்றிய பகுதியை அடித்துவிடவும். ஐந்தரைக்கு உங்கள் தங்கை கரையிலிருந்து விறுவிறுவென்று வந்து என் கையிலிருந்த விசிலைப் பிடுங்கினாள். "காலையிலேர்ந்து இதையேதான் ஊதுறீங்களா? நீளமாவா?" என்றாள். ஆமாம், வரச் சொல்லித்தான் ஊதுகிறேன் என்றேன். "குக்கருக்கே படுக்கிற நாய், நீங்க ஊதினா எழுந்து வருமா?" என்று சொல்லிவிட்டுக் கரைக்கே ஓடினாள். நொண்டிக்கொண்டே பின்னால் போனேன். அவள் குட்டையாக இரண்டு ஊதினாள். கால்வாய்க்குள் நாணல் அசைந்தது. காலையிலிருந்து படுத்த இடத்தைவிட்டு அசையாமல் கிடந்தவன் எழுந்து நின்று குரைத்தான். அவனுக்குப் பக்கத்தில் கிழிகாதி, அவள் மடியில் முட்டிக்கொண்டு இரண்டு குட்டிகள். பால்காரர் ஒன்றைத் தூக்கினார், நான் ஒன்றைத் தூக்கினேன், நாங்கள் கரை ஏறிப் பத்து நிமிடத்தில் தண்ணீர் வந்தது. கடிதத்தைக் கிழிக்கப் போனேன். "செஞ்ச தப்பெல்லாம் உங்க கையெழுத்துலயே இருக்கு, அப்படியே அனுப்புங்க" என்கிறாள். ஆகவே ஆடுகள் இருபத்திரண்டு அல்ல, இருபத்து மூன்றும் அல்ல, இருபத்தைந்து. மருமகளே, அப்பாவுக்கு இதை மட்டும் வாசி. சூப்பர்வைசர் பட்டி வாசலில் கிழிகாதியைப் பார்த்தபடி படுத்திருக்கிறான். யாரும் விசில் ஊதவில்லை.