ஒன்றரை மடங்கு மாப்பிள்ளை

கேசட் காக்காவின் அபிப்பிராயத்தைவிட நீளமான படம் இந்த உலகத்தில் இதுவரை எடுக்கப்படவில்லை. இரண்டு மணி நேரப் படத்தைப் பார்த்துவிட்டு மூன்று மணி நேரம் பேசுவார். எட்டு பாகமாக வரும் சீரிஸ் பார்த்து முடித்தார் என்றால், அந்த வாரம் கீழக்கரையில் விவரம் தெரிந்த யாரும் எங்கள் தெரு வழியாக நடக்கமாட்டார்கள். கடற்கரைப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

நான் கமுதிக்காரி. கீழக்கரைப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு டீச்சராக வந்து, காக்கா வீட்டு மாடியில் குடியேறினேன். பொறுமை என்பது எனக்கு ரேஷன் கடையில்கூடக் கிடைக்காத சரக்கு. கீழே அவர், மேலே நான். நல்ல சேர்க்கைதான் போங்கள்!

காக்கா என்றால் அந்த ஊரில் அண்ணன். அவருடைய நிஜப் பெயர் எனக்கு ரொம்ப நாள் தெரியாது. கரண்ட் பில்லில் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்றால் அதிலும் அவருடைய மனைவி பெயர்தான் இருந்தது. அந்த ஊர் வழக்கம் அப்படி. வீடு பெண்ணுக்கு. கல்யாணம் ஆனால் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வரவேண்டும். இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

காக்கா வாலிப வயதில் துபாயில் வீடியோ கேசட் வாடகைக்கு விடும் கடையில் இருந்தவர். கேம்ப்பில் இருக்கும் நம் ஆட்கள் படம் எடுத்துப் போவார்கள். பார்த்து முடித்ததும் அப்படியே கொண்டுவந்து போட்டுவிடுவார்கள். அதை முதலிலிருந்து பார்க்கிற மாதிரி திரும்பச் சுற்றி வைப்பது காக்காவின் வேலை. அந்தக் கோபம் அவருக்கு இன்றுவரை ஆறவேயில்லை.

"அடுத்துப் பாக்குறவனும் மனுசன்தானே டீச்சரம்மா? பாத்தவன் சுத்திக் குடுத்தா என்ன, கை தேஞ்சா போயிரும்? சுத்திக் குடுக்குறவன் ஆயிரத்துல ஒருத்தன். அவனுக்கெல்லாம் கண்ண மூடிக்கிட்டுப் பொண்ணு குடுக்கலாம்" என்பார்.

அப்புறம் கேசட் செத்தது, சி.டி. செத்தது, கடையும் போனது. காக்கா ஊருக்கு வந்து ஒரு பெரிய டி.வி.யை மாட்டி, அதன் முன்னால் சாய்வு நாற்காலியைப் போட்டார். போட்டவர் எழுந்திருக்கவில்லை.

அவருடைய அபிப்பிராயங்கள் இருக்கின்றனவே, அடடா!

சிங்கம் மானைத் துரத்துகிற டாகுமென்டரி பார்த்துவிட்டு, "கேமராவப் புடிச்சுக்கிட்டு நிக்கிறானே கல்நெஞ்சன், சூன்னு ஒரு சத்தம் போட்டா சிங்கம் ஓடிராது?" என்று குதித்தார். மான் எப்படியோ தப்பித்துவிட்டது. அடுத்த பாகத்தில் அதே சிங்கத்தின் குட்டி பட்டினி கிடந்தது. "அன்னைக்கு அந்த மான் கெடச்சிருந்தா இந்தப் புள்ள இப்படிக் கெடக்குமா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வெளிநாட்டுத் துப்பறியும் சீரிஸ் எதுவும் அவரிடம் தேறாது. "கொலகாரனக் கண்டுபுடிக்க எட்டு எபிசோடாம்! நம்ம தெருவுல ஒரு கோழி காணாமப் போகட்டும், சாயந்தரம் அஸருக்குப் பாங்கு சொல்றதுக்குள்ள ஆளப் புடிச்சிருவோம்ல?" இப்போது வருகிற சீரிஸ் எல்லாம் ஒரே இருட்டாக இருப்பதில் அவருக்குத் தனி வருத்தம். "யாரு யாரக் குத்துனான்னே தெரியல. லைட்டுக்காரனுக்கு ஏதோ கோவம் போல" என்பார். குடும்ப சீரியலுக்கு அவர் சொன்ன வைத்தியம் சுருக்கமானது: "அந்த வீட்டுல இருக்கிற தூணையெல்லாம் இடிச்சிரச் சொல்லுங்க. ஒளிஞ்சு நின்னு ஒட்டுக்கேக்க எடம் இருக்காது. கத முடிஞ்சிரும்." வளைகுடா நாட்டைக் காட்டும் படங்களில் ஒட்டகம் வந்தால் சேனலையே மாற்றிவிடுவார். "அத்தன வருசம் இருந்தேன், ஒட்டகத்த இந்த டி.வி.யிலதான் பாக்குறேன்."

பார்ப்பதற்கு அவரிடம் சட்டம் உண்டு. இன்ட்ரோவைத் தாண்டக் கூடாது. படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது அணைக்கக் கூடாது. "டீ குடுத்தவன் பேரு கடைசிலதான் வரும். அவன் வீட்டுல உக்காந்து பாப்பாகள்ல? நீ பாதியில அணச்சா?" என்பார்.

பார்த்து முடித்ததும் தெரு வாட்ஸப் குரூப்பில் வாய்ஸ் நோட் வரும். ஒவ்வொன்றும் பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமை நடக்கும் ஜும்ஆ பயான் நீளம். பேசி முடித்தாலும் விரலை எடுக்க மறந்துவிடுவார். கடைசியில் அவர் இருமுவது, மைனி மீன்காரரிடம் சண்டை போடுவது எல்லாம் சேர்ந்து வரும். மைனி என்றால் அவருடைய மனைவி, நான் அப்படித்தான் கூப்பிடுவேன். தெருவே ஒரு ரகசியம் காத்தது: காக்காவின் வாய்ஸ் நோட்டை எல்லோரும் இரண்டு மடங்கு வேகத்தில்தான் கேட்போம். நானும்தான்.

அவருக்கு ஒரே மகள், சமீமா. படித்து முடித்து அங்கேயே ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்த்தாள். பேசும்போது அவளுக்கு வார்த்தை கொஞ்சம் திக்கும். அதனால் அளவாகத்தான் பேசுவாள். ஆனால் பேசினால் தெறிக்கும்.

அவளுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. பையன் அன்வர், தோஹாவில் வேலை, லீவில் வந்திருந்தான். எல்லாம் பொருந்திவிட்டது. ஒரு நாள் அவனும் அவன் மாமாவும் வீட்டுக்கு வந்தார்கள். முன்அறையில் ஆண்கள். திரைக்குப் பின்னால் மைனி, சமீமா, நான் மூன்று பேரும் ஒரே ஓட்டையில் கண் வைக்கப் போட்டி போட்டுக்கொண்டிருந்தோம். தட்டில் தொதல், அந்த ஊர் அல்வா, இருந்தது. பையன் வாயில் போட்டான், பல்லில் ஒட்டிக்கொண்டது. அப்படியே சிரித்தான். சமீமாவும் சிரித்தாள்.

காக்கா மெதுவாக ஆரம்பித்தார். "ஓய்வா இருந்தா என்ன பாப்பீக மாப்ள?"

"எல்லாம் பாப்பேன் மாமா. சீரிஸ், டாகுமென்டரி, எதையும் விடமாட்டேன்."

காக்கா முகத்தில் பெருநாள் பிறை தெரிந்தது. "முழுசாப் பாப்பீகளா?"

"முழுசாத்தான் மாமா. ஒன்றரை ஸ்பீடுல போட்டுருவேன். வெள்ளிக்கிழமை லீவுல உக்காந்தா ஒரு சீரிஸையே முடிச்சிரலாம்."

தொதலோடு உயர்ந்த காக்காவின் கை அப்படியே நின்றது. "இன்ட்ரோ?"

"அது எதுக்கு மாமா? ஸ்கிப்புதான்!"

திரைக்குப் பின்னால் மைனி நெற்றியில் அடித்துக்கொண்டார். அவ்வளவுதான். "யோசிச்சுச் சொல்லுறோம்" என்று அவர்களை அனுப்பிவிட்டு, காக்கா டி.வி.யைக்கூடப் போடாமல் உட்கார்ந்துவிட்டார்.

மைனிக்கு வந்ததே கோபம்! "பீடி சிகரெட் கெடையாது, தொழுகைய விடமாட்டான், தங்கமான புள்ள. படத்த வேகமாப் பாக்குறான்னு ஒரு சம்பந்தத்த விடுறதா? ஊர் சிரிக்கும்! அவன் லீவு வேற முடியப் போவுது, அல்லாவே!"

மறுநாள் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கிற சாக்கில் காக்கா மாடிக்கு வந்தார். தொட்டியைப் பார்க்கவில்லை. என் வாசலில் நின்றார்.

"டீச்சரம்மா, நீங்களே சொல்லுங்க. எம்புள்ளைக்கு ஒரு வார்த்த வர நேரம் ஆவும். சின்னதுலருந்து அவ வாயத் தொறந்தா மிச்சத்த மத்தவுக சொல்லி முடிச்சிருவாக. பள்ளிக்கூடத்துலயும் அப்படித்தான், கடையிலயும் அப்படித்தான், அவ உம்மாவும் அப்படித்தான். நான் ஒருத்தன்தான் வாயப் பொத்திக்கிட்டு உக்காந்திருப்பேன். இன்ட்ரோவுக்கே பொறுக்காதவன், அவ ஆரம்பிக்கிறதுக்குள்ள எந்திரிச்சுப் போயிருவான்ல? இந்த வீட்டுலயே வந்து இருக்கப் போறவன் வேற. அத நான் தெனம் உக்காந்து பாக்கணுமா?"

மூன்று மணி நேரம் பேசுகிற மனுசன் ஒரே ஒரு ஆளுக்காக வாயை மூடி இருக்கிறாரே என்று நெஞ்சு உருகியது. உருகிய வேகத்தில் என் வாய் சும்மா இருக்க வேண்டாமா?

"காக்கா, வேகமாக் கேக்குறவுக எல்லாம் பொல்லாதவுகன்னா நம்ம தெருவுல ஒருத்தர் தேறமாட்டாக. உங்க வாய்ஸ் நோட்டையே எல்லாரும் ரெண்டு மடங்குலதான கேக்குறோம்!"

சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது.

"நீங்களுமா டீச்சரம்மா?"

"பரீட்ச பேப்பர் திருத்த வேண்டியிருந்துச்சு காக்கா..."

காக்கா படி இறங்கிப் போனார். அன்றிலிருந்து குரூப்பில் சத்தமே இல்லை. தெரு பயந்துவிட்டது. பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் வீட்டுக்கே வந்து, "காக்காவுக்கு உடம்புக்கு ஏதும் சொகமில்லையா?" என்று விசாரித்துப் போனார். அன்வர் கிளம்பும் நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது.

கடைசியில் சமீமாதான் வாப்பா முன்னால் போய் நின்றாள். மைனியும் நானும் பக்கத்தில் இருந்தோம்.

"வாப்பா, நா... நானும் உங்க வாய்ஸ் நோட்ட வேகமாத்தான் கேப்பேன்."

காக்கா ஆடிப்போய்விட்டார். "நீயுமா? ரெண்டு மடங்கா?"

"இல்ல. ஒ... ஒன்றரைதான். பெத்த வாப்பாவாச்சே."

மைனி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். காக்காவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"மெ... மெதுவாப் பேசுறவ வேகமாக் கேக்கக் கூடாதா வாப்பா? அவர எனக்குப் புடிச்சிருக்கு. கூ... கூப்பிட்டுப் பாருங்க. அப்புறம் சொல்லுங்க."

காக்கா கூப்பிட்டார். ஆனால் சும்மா கூப்பிடுவாரா? பரீட்சை வைத்தார். கடல்பசுவைப் பற்றி ஒரு டாகுமென்டரி. எங்கள் பக்கம் ஆவுளியா என்போம். சாதுவான பிராணி, கடலுக்கடியில் புல் மேயும். மேய்ந்துகொண்டே இருக்கும். மூன்று மணி நேரம் அதையேதான் காட்டினார்கள். மாப்பிள்ளை அதை ஒரு மடங்கு வேகத்தில், இன்ட்ரோ முதல் டீ கொடுத்தவர் பெயர் வரை, பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

ஒன்று மட்டும் காக்கா யோசிக்கவில்லை. மதியம் லுஹர் தொழுகை முடிந்து, மைனியின் நெய்ச்சோறும் கறியும் சாப்பிட்ட பிறகு பரீட்சையை வைத்துவிட்டார்.

திரைக்குப் பின்னால் நானும் சமீமாவும். மைனி தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தார். இன்ட்ரோவில் வெறும் தண்ணீர். மறுபடியும் தண்ணீர். அன்வரின் கட்டைவிரல் பழக்கதோஷத்தில் நாற்காலிக் கையை அமுக்கிக்கொண்டிருந்தது. காக்கா டி.வி.யைப் பார்க்கவேயில்லை, அந்தக் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆவுளியா மேய்ந்தது. குட்டி போட்டது. மறுபடியும் மேய்ந்தது. திடீரென்று ஒரு குறட்டை.

தூங்கினது மாப்பிள்ளை இல்லை. காக்கா!

அன்வர் திரும்பிப் பார்த்தான். காக்கா மடியில் இருந்த ரிமோட்டை மெல்ல எடுத்தான். "போச்சுடி, கடைசிக்குத் தள்ளப் போறான்" என்றேன். சமீமா என் மணிக்கட்டைப் பிடித்தாள் பாருங்கள், வளையல் பதிந்துவிட்டது.

அன்வர் படத்தை நிறுத்தினான். அப்புறம் கொஞ்சம் பின்னால் கொண்டுபோனான். இன்னும் கொஞ்சம். ஓர் இடத்தில் நிறுத்திவிட்டு, ரிமோட்டை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுக் கையைக் கட்டி உட்கார்ந்துகொண்டான். செல்போனைக்கூட எடுக்கவில்லை. சமீமாவின் பிடி தளர்ந்தது.

அஸர் பாங்கு கேட்டுத்தான் காக்கா விழித்தார். பதறிப்போய், "எதுவரைக்கும் பாத்தோம்?" என்றார்.

"குட்டி மூச்சு விட மேல வந்துச்சுல்ல மாமா, அங்கன கண்ணசந்துட்டீக. அந்த எடத்துக்குக் கொண்டாந்து வச்சிருக்கேன்."

காக்கா டி.வி.யைப் பார்த்தார். குட்டி பாதித் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தது. அவனைப் பார்த்தார். அதுவரை இருந்த மரியாதையெல்லாம் போய், "சுத்தி வச்சியா?" என்றார்.

"நீங்க பாக்காத எடத்த நான் மட்டும் பாத்து என்ன மாமா செய்ய?"

காக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு திரைப் பக்கம் திரும்பி மைனியிடம், "ஏ புள்ள, மாப்ள வீட்டுக்குச் சொல்லியனுப்பு, தேதி வைக்கலாம்னு" என்றார். "வா மாப்ள, தொழுதுட்டு வந்து மிச்சத்தப் பாப்போம்."

இருவரும் எழுந்தார்கள். அப்போது திரைக்குள்ளிருந்து சமீமா, "டீ... டீ..." என்றாள். வார்த்தை அங்கேயே நின்றுவிட்டது. மைனி மிச்சத்தைச் சொல்ல வாயெடுத்தார். காக்கா கையைத் தூக்கி அடக்கினார். அன்வர் வாசல்படியில் நின்று, திரையைப் பார்த்துத் தலையைச் சாய்த்துக் காத்துக்கொண்டிருந்தான். அவசரமே இல்லை அவன் முகத்தில்.

"டீ குடிச்சிட்டுப் போங்க" என்று முடித்தாள்.

"சரி" என்றான்.

நிக்காஹ் நன்றாக நடந்தது. இப்போது அன்வர் லீவில் வந்தால் ரிமோட்டுக்கு மாமனும் மருமகனும் சண்டை. இன்ட்ரோ விஷயத்தில் இன்னும் சமாதானம் ஆகவில்லை என்று கேள்வி.

எனக்கு, என் கணவர் வேலை பார்க்கும் பரமக்குடிக்கே மாற்றலாகிவிட்டது. ஆனால் குரூப்பிலிருந்து நான் விலகவில்லை. போன வாரம் ஒரு வாய்ஸ் நோட் வந்தது. பென்குவின் டாகுமென்டரி. முட்டையை ஆண் பென்குவின்தான் காலில் வைத்துக் காக்கிறதாம், பாதத்துக்கு ஒரு சாக்ஸ்கூட இல்லையாம், படம் எடுத்தவர்கள் எல்லாம் நல்ல பூட்ஸ் போட்டிருந்தார்களாம், அநியாயமாம்.

"ரெண்டு ஸ்பீடுல போடேன், தோச கருகுது" என்றார் என் வீட்டுக்காரர்.

"கருகட்டும்" என்றேன்.

பேசி முடித்த பிறகும் வழக்கம்போல விரலை எடுக்க மறந்திருந்தார். மின்விசிறிச் சத்தம் கேட்டது. தூரத்தில் சமீமா அன்வரிடம் ஏதோ சொல்ல ஆரம்பித்து, திக்கி, நின்று, மறுபடி ஆரம்பித்து, முழுசாகச் சொல்லி முடித்தாள். நடுவில் ஒரு குரலும் வரவில்லை.

கேட்டு முடித்ததும் அதை ஆரம்பத்துக்கு இழுத்து வைத்தேன். அடுத்துக் கேட்கப் போகிறவளும் நான்தான், இருந்தாலும்.