அமைச்சர் குடித்த தண்ணீர்

மலையநாட்டுக்கு ஒரே ராஜா, ஒரே கொடி; ஆயுள் மட்டும் இரண்டு. மேட்டுச்சீமைக்காரர்கள் எண்பது வயது வரை இருந்தார்கள். பள்ளச்சீமையில் ஐம்பதைத் தாண்டினாலே பெரிய விஷயம். மேட்டுச் சாயப்பட்டறைக் கழிவும் சாக்கடையும் பள்ளத்து ஓடையில் கலந்தன. பள்ளத்தார் குடித்தது அந்த ஓடையைத்தான்.

பள்ளத்தில் நாற்று நடும் பவளாயியின் தலைப்பிள்ளை வயிற்றுப்போக்கில் போய்விட்டது. இரண்டாவது மகளுக்கும் அதே நோய் கண்டபோது, அரசு வைத்தியர் மங்களேஸ்வரி மூன்று நாள் கூடவே இருந்து, உப்புப் போட்ட கஞ்சியைக் கரண்டி கரண்டியாகப் புகட்டிப் பிழைக்க வைத்தார். பிறகு ராஜசபைக்கு எழுதினார்: இவர்களுக்கு முதலில் வேண்டியது மருந்தல்ல, கிணறும், வயிறாரச் சாப்பிடும்படியான கூலியும்.

சுகாதார அமைச்சர் நீலமேகர் அதைப் படித்துவிட்டு, நோய்க்குக் காரணம் சோம்பல் என்று தீர்மானித்தார். தினமும் விடியற்காலையில் ஊரே ஓட வேண்டும். ஓடாதவர்களுக்கு அரைக் கூலி. நடவில் குனிந்த முதுகோடு பவளாயியும் ஓடினாள். நோய் அதிகமானது. உடனே 'நோயாளி' என்ற சொல் தடைசெய்யப்பட்டு, 'ஓய்வெடுப்போர்' என்றானது. நோயாளிகளே இல்லாத சீமைக்கு எதற்கு என்று வைத்தியசாலையையும் மூடினார்கள்.

மங்களேஸ்வரி அமைச்சரை நேரில் பார்த்தார். "தாங்கள் ஒரு மாதம் பள்ளத்தில் தங்கி ஓடிக் காட்டினால், சோம்பல்தான் காரணம் என்பது ஊருக்கே விளங்கும்" என்றார், மிகப் பணிவாக.

யோசனை அமைச்சருக்குப் பிடித்துப்போயிற்று. மேளதாளத்தோடு பவளாயியின் ஊருக்கு வந்தார். இரண்டு நாள் ஓடினார். மூன்றாம் நாள் படுத்துவிட்டார். கூட வந்தவர்கள் மேட்டுக்கு ஓடிப்போக, மங்களேஸ்வரி சொன்னபடி பவளாயிதான் அவருக்கும் கஞ்சி புகட்டினாள்.

"இந்தத் தண்ணியையா தினமும் குடிக்கிறீங்க?" என்றார் அமைச்சர், ஈனசுரத்தில்.

"வேற எதுங்க இருக்கு?" என்றாள் அவள்.

அமைச்சரின் சௌகரியத்துக்காக ஒரே வாரத்தில் ஆழக் கிணறு வெட்டினார்கள், கழிவை ஊருக்கு வெளியே திருப்பினார்கள், வைத்தியசாலையைத் திறந்தார்கள். மாதம் முடிந்ததும், ஓட்டப்பயிற்சியே ஊரைக் காத்தது என்று அறிவித்துவிட்டு அவர் கிளம்பினார். யாரும் மறுத்துப் பேசவில்லை. அந்த ஆண்டு அவ்வூரில் ஒரு குழந்தைகூடச் சாகவில்லை.

கிணற்றில் நீர் ஊறிய அன்றே முதல் குடத்தைப் பவளாயி மங்களேஸ்வரியின் வாசலில் இறக்கி வைத்தாள். மங்களேஸ்வரி ஒரு செம்பு மொண்டு, அவளைப் பார்த்துக்கொண்டே குடித்தார்.

ஊரார் ராஜாவுக்கு நன்றிமடல் அனுப்பினார்கள். முதல் கைநாட்டு பவளாயியுடையது.

"மகாராஜாவுக்குக் கோடி நன்றி. பள்ளச்சீமையில் இன்னும் நாற்பது ஊர்கள் இருக்கின்றன. தயவுசெய்து ஊருக்கு ஓர் அமைச்சரை, ஒரு மாதத்துக்கு மட்டும், அனுப்பி வைக்கவும்."