உள்ளங்கை ஐயாவின் ஐந்து இனங்கள்

தோல் நோயில் ஐந்து இனம் உண்டு என்று கண்டுபிடித்தவர் உள்ளங்கை ஐயா. பாம்பு இனம், மீன் இனம், சாம்பல் இனம்; மற்ற இரண்டும் அவருக்கே அடிக்கடி மறந்துபோகும். மருத்துவர்கள் வருடக்கணக்கில் படித்துச் சொல்வதை அவர் கண்ணைக் கட்டிக்கொண்டு சொன்னார். மேசைமேல் விரித்த வெள்ளைத் துணிக்கு அடியில் நோயாளி கையை நீட்ட வேண்டும். ஒரு சாண் மேலே ஐயாவின் உள்ளங்கை நிற்கும். இனம் தெரிந்துவிடும். எந்த இனமானாலும் கொடுக்கிற எண்ணெய் ஒன்றுதான். ஏன் என்று கேட்க, தெருமுனை வரை நின்ற வரிசையில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ரொட்டி சுடுகிறவர் ஒருவருக்கு முழங்கையில் தோல் செதில் செதிலாக உரிந்தது.

"மீன் இனம். களிம்பு பட்டா நோய் உள்ள போயிடும்," என்றார் ஐயா. ரொட்டிக்காரரும் அதுவரை பூசிவந்த களிம்பைத் தூக்கிப் போட்டார். நான்கு மாதத்தில் நகங்களில் ஊசி குத்தியதுபோல் குழி விழுந்தது. விரல்கள் வீங்கின. மாவு பிசைய முடியவில்லை.

"டாக்டர்கிட்ட போலாங்க," என்றாள் மனைவி.

"இனம் மாறுதாம். பொறுத்துக்கணும்னு ஐயா சொல்லிட்டாரு."

"அப்ப நானும் ஒருதரம் காட்டிடறேன்."

மறுநாள் காலை, கணவர் பின்னாலேயே வர, அவள் ஐயாவின் முன் உட்கார்ந்தாள். அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த நீள ரொட்டி ஒன்றைத் துணிக்கு அடியில் தள்ளினாள். உள்ளங்கை மேலே வந்து நின்றது.

"எத்தனை நாளா இருக்கு?"

"இன்னிக்குக் காலைல வந்ததுங்க."

"இல்ல, ரொம்பப் பழசு. பாம்பு இனம். முன்னோர் பாவம் உள்ள கொதிக்குது. ஏழு புட்டி எண்ணெய் தேய்க்கணும்."

"எங்கங்க தேய்க்கறது? மேலயா, ரெண்டா அறுத்து உள்ளயா?"

துணியை இழுத்தாள். வரிசையில் யாரோ சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள், ரொட்டிக்காரரைத் தவிர.

"நம்பாதவங்க முன்னாடி சக்தி வேலை செய்யாது," என்றார் ஐயா, கண்கட்டை அவிழ்த்தபடி.

"செஞ்சுதே. ரொட்டிக்கே முன்னோரைக் கண்டுபிடிச்சீங்களே."

அன்றே மருத்துவரிடம் போனார்கள். அவர் நகங்களைப் பார்த்தார். ஒவ்வொரு விரலாக அழுத்திப் பார்த்தார். எக்ஸ்ரே படம் எடுக்கச் சொன்னார். "தோல் செதிலா உரியற சொரியாசிஸ்ல ஒரு வகை விரல் மூட்டுகளையும் பிடிக்கும். இது அதுதான். முன்னாடியே வந்திருக்கணும்."

"எப்படிங்க சொல்றீங்க?" என்று கேட்டார் ரொட்டிக்காரர். மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, அரித்துப்போன எலும்பின் ஓரத்தைக் காட்டினார்.

மாத்திரையில் வீக்கம் வடிந்தது. இரண்டு விரல்கள் மட்டும் இனி நிமிராது. ஐயா வேறு தெருவுக்குப் போய்விட்டார். அங்கேயும் வரிசை நிற்கிறதாம். நிற்பவர்கள் அவரிடமும் "எப்படிச் சொல்றீங்க?" என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கட்டும். அதற்குக் கோபப்படுகிறவரிடம் தோலை மட்டுமல்ல, கதவைக்கூடத் திறந்து காட்டக் கூடாது.