மாலையைக் கதிரையில் வைத்திருக்கலாம்

கவலைப்படுகிறவனிடம் எந்தப் பொறுப்பையும் கொடுக்கக் கூடாது. அவன் அசட்டையால் கெடுக்க மாட்டான். காப்பாற்றப் போய்த்தான் கெடுப்பான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான், சுவிஸில், ஓல்டன் என்ற ஊரில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறேன். அடுப்பை அணைத்தேனா என்று பார்க்கப் பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பிப் போவேன். (மின்னடுப்பு, தானாகவே அணையும். தெரிந்தும் போவேன்.)

என் மகள் துளசி, அமெரிக்க நாடக ஆசிரியர் ஒருவரின் நாடகத்தைத் தமிழாக்கியிருந்தாள். உலகமே கொண்டாடும் மனிதர். சூரிச்சுக்கு வந்திருந்தவர், எங்கள் தமிழ் மன்றத்து மண்டபத்துக்கும் வந்து ஒரு காட்சியைப் பார்க்கச் சம்மதித்தார். பிடித்தால் முழு நாடகத்தையும் மேடையேற்ற அனுமதி. பிடிக்காவிட்டால் அவள் கண் விழித்து எழுதியதெல்லாம் அலுமாரிக்குள்.

"அப்பா, நான் ஸ்டேஷனுக்குப் போய் அவரைக் கூட்டிக்கொண்டு வாறன். அவருக்குப் போடுற மாலையையும் நான் எழுதின வாழ்க்கைக் குறிப்பையும் கவனமா வைச்சிருங்கோ. வேற ஒண்டும் செய்யாதேங்கோ."

குறிப்பைச் சட்டைப்பைக்குள் வைத்தேன். மாலையைக் கதிரையில் வைத்தால் யாராவது மேலே உட்கார்ந்துவிடுவார்கள். கையில் வைத்திருந்தால் வியர்வையில் வாடிவிடும். மேடையில் அவருடைய பெரிய படம் இருந்தது. பக்கத்தில் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. படத்தின் மேல் மாலையைத் தொங்கவிட்டேன். அளவெடுத்துக் கட்டியது போலிருந்தது. நிம்மதியாகக் கழிப்பறைக்குப் போனேன்.

திரும்பி வந்தால் மண்டபமே எழுந்து நிற்கிறது. மன்றத் தலைவர் பரமண்ணை மைக்குக்கு முன்னால் தலையைக் குனிந்து நிற்கிறார்.

"என்னக்கா நடந்தது?" என்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்டேன்.

"அந்த அமெரிக்கக்காரர் போயிட்டாராம், தம்பி."

மாலையைப் போட்டவன் நான்தான் என்ற நினைப்பே வரவில்லை. பரமண்ணைக்குப் போனில் செய்தி வந்திருக்கும், மனிதர் ரயிலிலேயே சரிந்திருப்பார், என் பிள்ளை பிணத்தோடு தனியாக நிற்கிறாளே என்று கதவுப் பக்கம் ஓடப் பார்த்தேன்.

பரமண்ணை என்னைக் கண்டார். "மகள் எழுதின வாழ்க்கைக் குறிப்பு உம்மட்டைத்தானே இருக்கு? வந்து வாசியும்."

வாசித்தேன். 'சிறு வயதில் உணவகத்தில் கோப்பை கழுவினார்' என்ற இடத்தில் குரல் உடைந்தது. (நானும் டாவோசில் கோப்பை கழுவித்தான் தொடங்கினேன்.) 'முதல் நாடகம் சில நாளிலேயே நின்றுபோனது.' அழுதேன். முன்வரிசை ஆச்சிமாரும் சேர்ந்து அழுதார்கள். 'பின்னர் பரிசுகளைக் குவித்தார்.' அதற்கும் அழுதேன்.

அப்போது கதவு திறந்தது. துளசி. அவளுக்குப் பின்னால், கம்பளித் தொப்பியைக் கழற்றியபடி, படத்தில் இருந்தவர்.

ஒரு ஆச்சி கைப்பையில் திருநீறு தேடினார்.

அவர் படத்தைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார். துளசியிடம் ஏதோ கேட்டார். அவள் முகம் சிவக்க நெடுநேரம் விளக்கினாள். பிறகு அவர் மெல்ல மேடையேறி, படத்திலிருந்த மாலையை எடுத்துத் தன் கழுத்தில் தானே போட்டுக்கொண்டு பேசினார். துளசி மொழிபெயர்த்தாள்.

"தன்ர நாடகம் ஒண்டுக்கும் இவ்வளவு சனம் எழும்பி நிண்டதில்லையாம். செத்தது வீண்போகேல்லையாம். முழு நாடகத்தையும் போடட்டாம்." அதோடு என் பக்கம் பாராமலே சொன்னாள்: "ஆனா, அழுத அந்த மனுசன் கட்டாயம் நடிக்க வேணுமாம்."

நாடகம் போட்டாகிவிட்டது. நானும் மேடையில் ஓரமாக நின்று அழுதேன். ஆனால் உயிரோடு இருக்கிறவர் படத்துக்கு மாலை போட்ட கை இது. அவருக்கு ஏதாவது நடந்தால் பழி யாருக்கு? இன்றும் காலையில் நான் வாயைத் திறக்கும் முன்பே துளசி போனைத் தட்டிப் பார்த்துச் சொல்லிவிடுவாள்:

"மனுசன் இருக்கிறார், அப்பா. தேத்தண்ணியைக் குடியுங்கோ."