பொட்டு வைத்த நண்டுகள்

குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவர் ஒருவர் இருந்தால், அந்த வீட்டில் யாரும் நிம்மதியாகத் தும்மக்கூட முடியாது. தும்மலுக்குக் காரணம் சொல்ல ஆரம்பித்துவிடுவார். எங்கள் வீட்டில் அந்தத் தொல்லை நான்தான்.

அறுபதுகளின் தொடக்கம், சிங்கப்பூர். பஃபலோ ரோட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் மாடு வைத்துத் தேக்கா வட்டாரம் முழுக்கப் பால் ஊற்றிக்கொண்டிருந்தார் அப்பா. அவருடைய ஒரே மகள் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் மூன்றாம் ஆண்டு. (தலையை நிமிர்த்தியே நடப்பேன். அதனால் எங்கள் கொட்டகைச் சாணியில் நான் வழுக்காத நாள் குறைவு.)

நான்காம் ஆண்டு சிறப்புப் படிப்புக்குப் பேராசிரியர் பொறுக்கி எடுக்கும் சிலருக்குத்தான் இடம். எனக்கோ மலாயாவின் ஈப்போ ஊரில் ஓர் அத்தை மகன் காத்திருந்தான். அப்பா தெளிவாகச் சொல்லியிருந்தார். “வாத்தியார் சேத்துக்கிட்டா படி. இல்லன்னா தை மாசம் கல்யாணம்.” அத்தை மகன் நல்லவன்தான். ஆனால் அவன் வாய் திறந்தால் லாரி டயரைப் பற்றி மட்டும்தான் பேசுவான்.

இடம் கிடைப்பதற்காக நான் எடுத்துக்கொண்ட ஆய்வு, பாசிர் ரிஸ் கரையோரத்து நீந்தும் நண்டுகளின் எண்ணிக்கை. கடைசிக் கால் துடுப்பு மாதிரி தட்டையாக இருக்குமே, நீலக்கால் நண்டு, அதுதான். கடலுக்குள் இருப்பதை எப்படி எண்ணுவது? கொஞ்சம் நண்டுகளைப் பிடித்து, அடையாளம் வைத்து, திரும்பக் கடலில் விட வேண்டும். பிறகு அங்கே பிடிபடும் நண்டுகளில் அடையாளம் உள்ளவை எத்தனை என்று பார்க்க வேண்டும். நிறைய இருந்தால் கடலில் நண்டு குறைவு. அபூர்வமாக இருந்தால் கடல் நிறைய நண்டு.

அடையாளத்துக்கு, மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் அடித்து மீந்த சிவப்புப் பெயின்ட் டப்பாவை எடுத்துக்கொண்டேன்.

“கொம்பே இல்லாததுக்கு எதுக்குப் புள்ள பெயின்ட்டு?” என்றார் அப்பா.

அது அறிவியல், உங்களுக்குப் புரியாது என்றேன். (அந்த வருடம் நான் அதிகம் பேசிய வாக்கியம் இதுதான்.)

பல்கலைக்கழகப் படகில் போய், வலையில் வந்த நண்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்து, முதுகின் நடுவே வட்டமாக ஒரு சிவப்புப் பொட்டு வைத்தேன். கை முழுக்கக் கடி. காய்ந்ததும் கடலில் விட்டேன். வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டு அவை நீந்திப்போனதைப் பார்த்தபோது, ஒரு பெரிய குடும்பத்துப் பெண்களைக் கோயிலுக்கு அனுப்பிவைத்த திருப்தி.

அந்தக் கரையில் கூண்டு வைத்து நண்டு பிடித்தவர் ஒரு சீனக் கிழவர். சீனப் பெரியவர்களை நாங்கள் அப்பெக் என்றுதான் கூப்பிடுவோம். சனிக்கிழமைதோறும் பேருந்து பிடித்துப் போய், சந்தைக்குப் போகும் முன் அவர் கூடையைப் பார்க்க அனுமதி வாங்கியிருந்தேன். எதற்கென்று அவர் கேட்டார். ‘பள்ளிக்கூட வேலை’ என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொல்லி முடித்துவிட்டேன். படிக்காத மனிதரிடம் புள்ளியியல் பேசி அவரைக் குழப்புவானேன் என்கிற பெருந்தன்மை. அவரும் விட்டுவிட்டார். நண்டு வாங்காமல் அதன் முதுகை மட்டும் பார்த்துவிட்டுப் போகும் பெண்ணைப் பைத்தியம் என்று நினைத்திருக்க வேண்டும்.

வாரக்கணக்கில் பார்த்தேன். கூடை கூடையாக நண்டு. பொட்டு வைத்தது கிடைத்ததோ ஒன்றே ஒன்று. அதிலும் பெயின்ட் பாதி உரிந்திருந்தது.

வேறு யாராக இருந்தாலும் எங்கோ தப்பு நடக்கிறது என்று சந்தேகப்பட்டிருப்பார்கள். நான் கணக்குப் போட்டேன். விடை வந்ததும் எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. சிராங்கூன் ரோட்டில் பிறந்த குழந்தை முதல் எல்லாருக்கும் தலைக்குப் பத்து நண்டு கொடுத்தாலும் பாசிர் ரிஸ்ஸில் மிச்சம் இருக்கும்.

வகுப்பில் இதை அறிவித்தேன். வரைபடத்தில் ஒரு கோடு தாளைத் தாண்டிப் போனதால் இன்னொரு தாளை ஒட்டியிருந்தேன். ஆங்கிலேயரான எங்கள் பேராசிரியர் அந்த ஒட்டுத்தாளையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, வரும் சனிக்கிழமை தானே அங்கு வருவதாகவும், பார்த்துவிட்டு நான்காம் ஆண்டைப் பற்றி முடிவு சொல்வதாகவும் கூறினார்.

எனக்குக் கிடைக்கப்போகும் மரியாதை என்றுதான் நான் அதைப் புரிந்துகொண்டேன். வீட்டில் வந்து சொன்னேன். அப்பா பால் ஊற்றும் வீடுகளில் எல்லாம் சொன்னார். சனிக்கிழமை கோட்டு மாட்டிக்கொண்டு, வாத்தியாருக்கென்று ஒரு செம்புப் பாலோடு அவரும் கிளம்பிவிட்டார்.

நாங்கள் போனபோது அப்பெக் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கூண்டைத் தூக்கிக்கொண்டிருந்தார். வழக்கமாக நான் வருவதற்குள் அந்த வேலை முடிந்துவிடும். அன்று பல்கலைக்கழக வண்டியில் போனதால் சீக்கிரமே போய்விட்டோம்.

கூண்டுக்குள் ஒரே சிவப்பு. பொட்டு, பொட்டு, பொட்டு. பொட்டில்லாத நண்டைத்தான் தேட வேண்டியிருந்தது.

அப்பெக் ஒரு பொட்டு நண்டை எடுத்தார். இரண்டு கையாலும் பிடித்துக் கும்பிட்டார். ஏதோ முணுமுணுத்தார். மெதுவாகத் தண்ணீரில் விட்டார். அடுத்ததை எடுத்தார். அதற்கும் கும்பிடு.

என்ன செய்கிறார் என்று பேராசிரியர் கேட்டார். நான் மலாயில் கேட்டேன்.

“இனி தா போலே மாக்கான்,” என்றார் அப்பெக். இதைத் தின்னக் கூடாது. புண்ணியத்துக்காக யாரோ சாமிக்கு வேண்டிக்கொண்டு, சிவப்பு வைத்துக் கடலில் விட்டது. தின்றால் அந்தப் பாவம் நம் தலையில் வந்துவிடும். சீனர்கள் ஆமையையும் மீனையும் இப்படி விடுவது சிங்கப்பூரில் யாருக்குத்தான் தெரியாது? எனக்கும் தெரியும். நான் படித்தவள் என்பதால் அது ஞாபகத்துக்கு வரவில்லை.

அவர் இன்னும் முடிக்கவில்லை. “எவனோ பெரிய பணக்காரன். எவ்வளவு பாவம் பண்ணியிருந்தா இவ்வளவு நண்டு விட்டிருப்பான். என் பொழப்பே போச்சு.”

இந்த வாக்கியத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சொல்லும் பொறுப்பும் என்னுடையதாயிற்று.

அப்பாவுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. வீடு வீடாகப் பால் ஊற்றியதில் அவருடைய மலாய் என்னுடையதைவிட நன்றாக இருந்தது. “ஏ புள்ள,” என்றார், “அந்தப் பாவி நீதானா?”

நண்டுகளும் தங்கள் பங்குக்குக் கூண்டைச் சாப்பாட்டுக்கடை ஆக்கிவிட்டிருந்தன. உள்ளே மீன்தலை விருந்து, வெளியே வரும்போது கும்பிடு. திரும்பத் திரும்ப வராமல் என்ன செய்யும்?

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். தோள் குலுங்கியது. ஒருவழியாக மாட்டிக்கொண்டு, இந்தக் கணக்கு குப்பைக்குத்தான் போக வேண்டும், முதலிலிருந்து ஆரம்பித்தால் அடுத்த வருடம் முழுக்க ஆகும் என்றார்.

என் கண்ணுக்கு முன்னால் லாரி டயர்கள் உருண்டன.

“என்ன சொல்றாரு?” என்றார் அப்பா. வேலை முடியவில்லையாம், மறுபடி செய்ய ஒரு வருடம் ஆகுமாம் என்று அழுதுகொண்டே சொன்னேன்.

அப்பா யோசித்தார். பிறகு பால் செம்பைப் பேராசிரியர் கையில் திணித்துவிட்டு அவரிடம் தமிழிலேயே சொன்னார். “பாதி கறந்த மாட்ட விட்டுட்டு எந்திரிக்கிறவன் பால்காரன் இல்லீங்க. இவ முடிச்சுட்டே வரட்டும்.”

இதையும் நானே மொழிபெயர்த்தேன். கொஞ்சம் சத்தமாக. பேராசிரியர் பாலைக் குடித்துவிட்டுத் தலையாட்டினார்.

ஆக, என் அறிவினால் கிடைக்காத நான்காம் ஆண்டு என் முட்டாள்தனத்தால் கிடைத்தது. ஈப்போக்காரனுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. தை மாதமே வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டான்.

அப்பெக்கிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். எந்தச் சாமிக்கும் இதில் சம்பந்தமில்லை என்று என்னைச் சத்தியம் செய்யச் சொன்னார். அடுத்த நாளே பொட்டு நண்டுகளை விற்றுத் தீர்த்தார். மறுமுறை நான் பெயின்டைத் தொடவில்லை. ஓட்டின் ஓரத்து முள்ளில் சின்னதாக ஒரு வெட்டு, அவ்வளவுதான். புதிய கணக்கு வந்தது. ஒரு பெரிய கல்யாணத்துக்கு நண்டுக் குழம்பு வைத்தால் அந்தக் கரையோரமே காலி என்கிற அளவு.

இதற்குள் தேக்கா முழுக்க விஷயம் பரவியிருந்தது. “அண்ணே, உங்க மக நண்டு எண்ணின மாதிரி பால அளந்துடாதீங்க லா,” என்று பால் வாங்கும் பெண்கள் அப்பாவைக் கிண்டல் செய்தார்கள்.

சில வருடங்கள் கழித்து எனக்குக் கல்யாணம். என்னோடு வேலை பார்த்தவர். தாலி கட்டிய பிறகு அவர் என் நெற்றியில் குங்குமம் வைக்க, அப்பா மண்டபமே கேட்கும்படி சொன்னார்.

“மாப்ள, பொட்டு வச்சதத் திருப்பி விடுறது அப்பெக்கோட பழக்கம். நாங்க திருப்பி வாங்குறதில்ல.”

இன்றைக்குப் பாசிர் ரிஸ்ஸில் அடுக்குமாடி வீடுகள். அவற்றில் ஒன்றில்தான் நாங்கள் இருக்கிறோம். வீட்டில் சண்டை வந்தால் என் கணவர் பதிலே பேசுவதில்லை. எழுந்துபோய்க் கடல் பக்கத்து ஜன்னலைத் திறந்துவைத்து, என்னைப் பார்த்துக் கும்பிடுகிறார்.